மேட்டுத் துண்டுக்குத் தண்ணி

மருதமுனை
20.05.2024

நீ நினைப்பாய், கையில ஃபோன் கெடக்கக்குள்ள சாச்சிக்கு என்னத்துக்குக் கடுதாசி எண்டு. காரணம் இரிக்கி மகள். கதைச்சா நாக்கு எரியிது. உன்னோட ரெண்டு வார்த்தை கதைச்சிட்டு வெக்கிறதெண்டா என்னால ஏலா, அது உனக்கே தெரியும். எழுதினா நாக்கு நோகாது. அஞ்சாம் வகுப்பு எழுத்துத்தான், பிழை கெடந்தா நீயே திருத்தி வாசி.

பாரு, சலாம் சொல்ல மறந்திட்டன். அஸ்ஸலாமு அலைக்கும் மர்ஷூதா மகள். கண்டிக் குளிரு ஒத்துக்கொள்ளுதா? அந்த லாப்ல நிண்ட நிலையில வேலை எண்டு சொன்னாய், கால் வீங்குதா? ராவைக்குச் சோறு தின்னு, பாணோட படுக்காத.

இனி விசயத்துக்கு வாறன். நாக்குக்கு ஓரமா வந்த புண்ணு, நீ பயந்த மாதிரி கென்சர்தான். அழாத. நான் அழுது முடிச்சிட்டன், வீட்டுக்கு ஒரு ஆள் அழுதாப் போதும். வெட்ட மாட்டாங்களாம். ஏழு கிழமைக்குக் கரண்ட், அதான் ரேடியேசன், புடிக்கப் போறாங்க. வாற திங்கள்ள இருந்து தினமும் மட்டக்களப்புக்குப் போய் வரணும்.

கஜேந்தினி டொக்டர் எண்டு ஒரு புள்ளை. உன்னை விட நாலு வயசு கூட இரிக்கும். படம் கீறிக் காட்டின. கட்டிக்கு நடுவுக்குள்ள ரத்தக் குழாய் ஒழுங்காப் போகல்லயாம். அதால அங்க ஒக்சிஜன் குறைவாம். ஒக்சிஜன் இல்லாத இடத்துல கரண்ட் சரியா வேலை செய்யாதாம், ஓரமெல்லாம் செத்தாலும் நடு கிடந்து திருப்பி முளைக்கப் பாக்குமாம். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. உன்ட சாச்சாதான் டக்கெண்டு சொன்னாரு, "இது எங்கட சவளக்கடை வயலுட மேட்டுத் துண்டுகா. வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா ஓரம் நனையும், மேட்டுக்கு ஏறாது. பசளை போட்டாலும் அங்க சேராது" எண்டு. டொக்டர் சிரிச்சிட்டு, "ஓம் ஐயா, அதேதான்" எண்டு சொன்ன.

வெத்திலையும் புகையிலையும் உட்டாச்சு. எண்ட பித்தளை வெத்திலை வட்டாவ சாச்சா வயல் வாடிக் குடிசைக்குக் கொண்டு போய்க் கயித்துல கட்டித் தொங்க உட்டிருக்காரு. குருவி வெரட்டத் தட்டுறாராம். முப்பது வருசம் வாய் செவக்க வெச்ச சாமான், இப்ப குருவிக்கு மணி.

துஆ செய். உன்ட முகம் பாக்கிற ஆயுள, ஹயாத்த, அல்லாஹ் தரட்டும்.

சாச்சி சல்மா உம்மா


கண்டி
26.05.2024

சாச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். கால் வீங்கல்ல. சோறுதான் தின்றன். அழுதன், அதுக்கு ஏச ஒண்ணா.

சாச்சா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்டுமில்ல. ஆனா அவர் சொன்னதுல பாதிதான் இரிக்கி. மேட்டுக்குத் தண்ணி ஏறணுமெண்டா வாய்க்கால்ல தண்ணி இரிக்கணும். அந்தத் தண்ணிதான் ஒங்கட ரத்தம். ரத்தத்துல ஒக்சிஜனைக் காவிக்கொண்டு போற சத்துக்கு HB எண்டு சொல்ற. நான் இஞ்ச நாள் முழுக்கப் பாக்கிறது அதைத்தான், ஊர் பேர் தெரியாத ஆக்கள்ட. ஒங்கட எத்தினை எண்டு மட்டும் எனக்குத் தெரியா.

கிளினிக் கொப்பியில ஒவ்வொரு கிழமையும் எழுதுவாங்க. அந்த நம்பரைப் பாத்து எழுதுங்க. வேற ஒண்டும் எழுதாட்டியும் பரவாயில்ல.

HB கூடினாக் கட்டாயம் சுகம் வரும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். குறைஞ்ச ஆக்களுக்குக் கரண்ட் கேக்கிறது கஷ்டம். அது மட்டும் எனக்குத் தெரியும். நல்லாத் தின்னுங்க, தண்ணி குடிங்க.

தம்பி முர்ஷித் கட்டார்ல இருந்து எடுத்தவன். பெத்த மகனுக்கு உம்மா ஒண்டும் சொல்றாவில்ல எண்டு கவலைப்படுறான்.

ஒங்கட கைய முத்தி,
மர்ஷூதா


மருதமுனை
06.06.2024, வியாழன்

மகள், வெள்ளாப்பில எழும்பித் தொழுதிட்டு, வேன் வாறதுக்குள்ள எழுதுறன். அல்லாஹ்ட காவல்ல எல்லாரும் சுகம். உன்ட சுகத்துக்குத்தான் எண்ட கையேந்தல்.

கரண்ட் புடிக்கிறது எப்பிடி எண்டா, முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செஞ்சி வெச்சிருக்காங்க, எண்ட மூக்குக்கும் தாடைக்கும் அளவா. அதைப் போட்டு மேசையோட சேத்துப் பூட்டுற. அசைய ஏலா. முதல் நாள் கபுறுக் குழிக்குள்ள வெச்ச மாதிரி பதறிப் போனன். இப்ப உள்ளுக்க கெடந்து குல்ஹுவல்லாஹு ஓதுறன். முப்பத்திமூணு ஓதி முடியக்குள்ள கதவத் துறப்பாங்க. ஒரு நாள் இருபத்தெட்டுல துறந்துட்டாங்க. எனக்கு அந்த அஞ்சும் கிடைக்கல்லயே எண்டு மனம் கேக்கல்ல, வேனுக்குள்ள ஓதி முடிச்சன்.

வேன்ல பாண்டிருப்பு பூமணி அக்காவும் வாறா. அவட மாப்பிள்ளை கனகரெத்தினம் அண்ணருக்குத் தொண்டையில. அரசாங்கக் கச்சேரியில பியோனா இருந்த மனிசன், நல்ல பகிடிக்காரர். நான் வாய் தொறக்காம இரிக்கிறதப் பாத்துட்டு, "மருதமுனையில இப்ப எல்லாரும் நிம்மதியா நித்திரை கொள்றாங்களாம், சல்மா உம்மாட வாய் மூடினதால" எண்டு சொன்னாரு. சிரிச்சிட்டன், புண்ணு வெடிச்சிட்டு.

பூமணி அக்காட வீடு தபால் கந்தோருக்குக் கிட்ட. கடுதாசிய அவக்கிட்டத்தான் குடுத்து உடுறன்.

ஒண்டு சொல்ல நினைச்சன். முர்ஷித் நோன்பு தலைப்பிறை கண்ட அண்டு பொறந்தவன். அந்த வருசத்து முப்பது நோன்பும் எனக்குக் கழா, புறகு புடிச்சி அடைக்க வேண்டிய கடன். எத்தினை புடிச்சன் எண்டு குசினிச் செவத்துல கரியால கோடு போட்டு வெக்கிறதான் நாங்க. அந்த மார்கழி ஞாயித்துக்கிழமை சுனாமிக் கடல் வந்து செவத்தையே கொண்டு போயிட்டு, உன்ட உம்மாவையும். அதுக்கு முந்தி நடந்ததெல்லாம் எனக்கு இப்பவும் அரையும் குறையுமாத்தான் ஞாபகம். கோடு இல்லாட்டிப் புடிக்கல்ல எண்டுதானே வெச்சிக்கொள்ளணும்? இருபது வருசம் நாளைக்கு நாளைக்கு எண்டு உட்டுட்டன். சரி, அது கிடக்கட்டும்.

வேன் வந்திட்டு. கோன் அடிக்கிறான்.

சாச்சி


கண்டி
12.06.2024

சாச்சி,

சலாம். ஒங்கட கடுதாசிய ரெண்டு தரம் வாசிச்சன். வலை மூடி, குல்ஹுவல்லாஹு, கனகரெத்தினம் அங்கிள் எல்லாம் இரிக்கி. நம்பர் இல்ல.

என்ன தின்றீங்க எண்டும் இல்ல. அரிசிக் கஞ்சியில தேங்காய்ப் பால் ஊத்தி, மீனை முள்ளெடுத்து மசிச்சிப் போட்டுக் குடிங்க. முட்டையும் அடிச்சி ஊத்தலாம். வாய் எரிஞ்சா ஆற வெச்சிக் குடிங்க. டொக்டர் தந்த இரும்புக் குளிசையை உடாதீங்க.

உம்மாவப் பத்தி எழுதியிருந்தீங்க. எனக்கு ஆறு வயசு அப்ப. உம்மாட கையில ஒரே கரி இருக்கும், அது மட்டும் ஞாபகம். முகம் படத்துல பாத்ததுதான்.

நம்பர், சாச்சி.

மர்ஷூதா


மருதமுனை
20.06.2024, வியாழன்

எண்ட கிளி,

ஹஜ்ஜுப் பெருநாள் எப்பிடிப் போன? ஹொஸ்டல்ல ஆரும் இறைச்சி தந்தாங்களா? இஞ்ச எங்கட வீட்டுக்கு நாலு பக்கத்தாலயும் குர்பான் பங்கு வந்த. நான் மணத்த மட்டும் புடிச்சன். உப்பு, இனிப்பு, புளிப்பு ஒண்டும் தெரியல்ல, எல்லாம் கடதாசி தின்ற மாதிரி. எச்சில் ஊறுதில்ல. கழுத்துத் தோல் கறுத்துப் போச்சு. சாச்சா பாத்திட்டு, "நான் பொண் பாக்க வந்த அண்டு நீ இருந்த நிறத்துக்கு வந்திட்டாய்" எண்டு சொல்றாரு. பொய்யன், அண்டைக்கு என்னைப் பாத்தே இல்ல, உம்மா குடுத்த தொதல் பலகாரத்தத்தான் பாத்த.

அவரு இப்ப வயல்லதான் படுக்கிற. தண்ணி முறை வந்திருக்கு. மேட்டுத் துண்டுக்கு மோட்டர் வெச்சி இறைக்கிறாரு. கஜேந்தினி டொக்டர் சொன்னதுக்குப் புறகு அந்தத் துண்டுல அவருக்கு ஒரு பிடிவாதம். அது பச்சையானா நானும் பச்சையாகுவன் எண்டு நினைக்கிறாரு போல, வாயால சொல்லமாட்டாரு. நான் வீட்டுல தனிய. தனிய இரிக்கிறதும் ஒரு வசதிதான், ஓதலாம், தொழலாம், இபாதத்து செய்யலாம், ஆரும் கேள்வி கேக்கமாட்டாங்க.

நம்பர் எழுத இப்ப கொப்பி கிட்டத்துல இல்ல. புறகு பாத்து எழுதுறன்.

எழுத்து கோணினாக் குறை நினையாத.

சாச்சி


பாண்டிருப்பு
28.06.2024

அன்புள்ள பிள்ளை மர்ஷூதாவுக்கு,

கடவுள் கிருபையால நீர் நல்லா இருக்க வேணும். நான் பூமணி. உம்மட சாச்சியோட வேன்ல போய் வாற ஆள். உம்மட விலாசத்த, தபால்ல போடத் தந்த கடித உறையில இருந்து பாத்து எழுதி வைச்சிருந்தன். அது பிழைதான். ஆனா இத எழுதாம இருந்தா அதை விடப் பிழை.

உம்மட சாச்சி திங்களும் வியாழனும் ஒண்டும் வாயில வைக்கிறா இல்ல. தண்ணி கூட இல்ல. நான் போத்தல்ல கஞ்சி கொண்டு போய்க் குடுப்பன். வாங்கி மடியில வைச்சிருப்பா, இறங்கக்குள்ள நிறைஞ்ச போத்தலா எனக்கே தருவா. வாய்ப் புண்ணாலதான் எண்டு எல்லாரும் நினைக்கினம், டொக்டரும் அப்பிடித்தான் நினைக்கிறா. பிள்ளை, நான் நாப்பது வருசமா வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற ஆள். பசிச்சும் சாப்பிட ஏலாம இருக்கிற முகமும், சாப்பிடக் கூடாது எண்டு இருக்கிற முகமும் எனக்குத் தெரியும்.

போன செவ்வாய் படிக்கட்டுல தலை சுத்தி இருந்திட்டா. ரத்தம் பாத்தா எட்டுக்குக் கொஞ்சம் மேலதானாம். தொடங்கக்குள்ள பத்து இருந்ததாம். ரெண்டு பை ரத்தம் ஏத்தினவங்க. நான் கேட்டன், "சல்மா, விரதமா?" எண்டு. என்ர கையப் பிடிச்சு, "ஆருக்கும் சொல்லாதீங்க அக்கா" எண்டா. ஓம் எண்டு சொல்லிட்டு வந்துதான் இத எழுதுறன்.

என்ர மனிசன் ஒரு நேரமும் விடாமச் சாப்பிடுறார். உம்மட சாச்சிய உம்மாலதான் திருத்த ஏலும்.

இப்படிக்கு,
க. பூமணி


கண்டி
02.07.2024

சாச்சி,

எனக்கு எழுதினது ஆர் எண்டு நீங்க கண்டு புடிப்பீங்க. அவவோட கோவிக்காதீங்க.

வருத்தக்காரருக்கு வேற நாளையில புடிக்கலாம் எண்டு சலுகை தந்தது அல்லாஹ். சின்ன வயசுல எனக்கு அத ஓதித் தந்தது நீங்க. காய்ச்சலோட நோன்பு புடிக்கப் போன எனக்கு, தந்த சலுகையத் தட்டிப் பறிக்க நீ ஆரு எண்டு கேட்டதும் நீங்க. இப்ப ஏன் சாச்சி?

எனக்குத் தெரியும் ஏன் எண்டு. ஒங்களுக்கு வேற நாள் இல்ல எண்டு நீங்களே முடிவு எடுத்திட்டீங்க. டொக்டர் சொல்லல்ல, நான் சொல்லல்ல. நீங்க சொல்லிட்டீங்க, ஒருத்தருக்கும் தெரியாம, விடியக்கு முந்தி சகருச் சாப்பாட்டுக்கு எழும்பி.

மேட்டுக்கு ஏறுற தண்ணிய நீங்களே வரம்பு கட்டி மறிக்கிறீங்க. சாச்சா ராப்பகலா மோட்டர் வெச்சி இறைக்கிறாரு. அவருக்கு இது தெரியுமா?

ஒரு உம்மா எனக்குப் போதும் சாச்சி, இழக்க.

அந்த முப்பதுல மிச்ச நோன்ப நான் புடிக்கிறன். நேத்துத் தொடங்கிட்டன். ஒங்கட பேர்ல நிய்யத்து வெச்சித்தான். ஒங்களுக்குத் தின்ற வேலை மட்டும்தான்.

மர்ஷூதா


(பதினெட்டு நாளாக மருதமுனையிலிருந்து ஒன்றும் வரவில்லை.)


மருதமுனை
20.07.2024

கண்மணி மர்ஷூதா,

சலாமும் துஆவும். உன்ட கடுதாசி வந்த அண்டு அதக் கிழிக்கப் போனன். மறுகா குர்ஆனுக்குள்ள வெச்சன். மறுமொழி எழுத முகம் இல்லாமத்தான் இவ்வளவு நாளும்.

முதல்ல உன்ட பைத்தியத்துக்கு ஒரு பதில். மௌலவிக்கிட்ட ஆள் உட்டுக் கேட்டன். உசிரோட இரிக்கிற ஆளுக்கு வேற ஆள் நோன்பு புடிக்க ஏலாதாம். மௌத்தான ஆளுக்குத்தான் ஏலுமாம். அப்ப நீ என்னை மௌத்தாக்கிட்டியா? நான் என்னை மௌத்தாக்கினன் எண்டு ஏசிப் போட்டு, நீ அடுத்த தபால்லயே கபுறு வெட்டியிருக்காய். உடனே நிப்பாட்டு. நாள் முழுக்க நிண்டு வேலை செய்ற புள்ளைக்கு நோன்பு வேற.

ஓம், புடிச்சன். ஒம்பது நோன்பு. வலை மூடிக்குள்ள கெடக்கக்குள்ள எனக்கு ஒரே யோசினை. அல்லாஹ்வுக்கு முன்னால நிக்கக்குள்ள முப்பதும் பாக்கி எண்டு நிக்கிறதா? வேற நாள் எண்டு அவன் சொன்ன சரி. அந்த வேற நாள் எனக்கு இரிக்கி எண்டு ஆரு சொன்ன? டொக்டர்ட முகத்தப் பாத்தன். அவ கீறின படத்துல நடுவக் கறுப்பா நிறந்தீட்டி இருந்த. அந்தக் கறுப்பு என்னை உடல்ல.

சாச்சாவுக்குச் சொன்னன். ஏசுவாரு எண்டு பாத்தன். குசினிக்குள்ள போய் அவரே கஞ்சி காச்சினாரு, வாழ்க்கையில முதல் தரம். அடிப் புடிச்ச கஞ்சி. எனக்குத்தான் ருசி தெரியாதே, முழுக்கக் குடிச்சன். அவரு பக்கத்துல இருந்து கோப்பைய வழிச்சிப் பாத்திட்டுத்தான் எழும்பின.

செவ்வாய்க்கிழமையோட முப்பத்தஞ்சும் முடிஞ்ச. நீ கேட்ட நம்பர் இந்தா: பத்து தசம் ரெண்டு. கொப்பியப் பக்கத்துல வெச்சிக்கொண்டுதான் எழுதுறன். முந்தியும் கொப்பி பக்கத்துலதான் கெடந்த. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பூமணி அக்காவோட ரெண்டு நாள் கதைக்கல்ல. மூணாம் நாள் அவ போத்தல நீட்டினா, வாங்கிக் குடிச்சன். அவ்வளவுதான்.

இனி மூணு மாசம் பாத்துக்கொண்டு இரிக்கணுமாம், ஸ்கேன் எடுக்கிற வரைக்கும்.

சாச்சி


கண்டி
05.08.2024

சாச்சி,

நிப்பாட்டிட்டன். நாலு புடிச்சிருந்தன், அது எண்ட சொந்த விருப்பத்துச் சுன்னத்து நோன்பா இருக்கட்டும்.

பத்து தசம் ரெண்டு. லாப்ல எண்ட மேசையில எழுதி ஒட்டியிருக்கன். பக்கத்து மேசைப் புள்ளை றிஸ்லா இது என்ன எண்டு கேட்டா. எங்கட வீட்டு வாய்க்கால்ல நிக்கிற தண்ணி எண்டு சொன்னன். அவ என்னை ஒரு மாதிரிப் பாக்கிறா.

ஸ்கேனுக்கு நான் லீவு போட்டுட்டு வாறன். வேணாம் எண்டு எழுதாதீங்க.

மர்ஷூதா


மருதமுனை
24.10.2024

நீ பஸ் ஏறிப் போய் ரெண்டு நாள்தான், அதுக்குள்ள எழுதுறன். அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாப் போய்ச் சேந்தியா? குடுத்து உட்ட நெத்தலிக் கருவாட்ட ஹொஸ்டல்ல பொரிச்சி ஏச்சு வாங்காத.

டொக்டர் சொன்னத நீயும்தான் கேட்ட. கட்டி கரைஞ்சிட்டு, ஆனா நடுவுல ஒரு சின்ன நிழல் நிக்கிது. அது தழும்பா, மிச்சமா எண்டு இப்ப சொல்ல ஏலாதாம், ஆறு கிழமையால திருப்பிப் பாக்கணும். உனக்கு அந்த நிழல்தான் கண்ணுக்குள்ள. பஸ்ஸுல ஏறக்குள்ளயும் நீ சிரிக்கல்ல. எனக்கு என்னமோ மனம் அமைதி. ஆறு கிழமை எண்டு ஒரு வேற நாள் தந்திருக்காங்க. போதும்.

நேத்து பாண்டிருப்புக்குப் போனன். கனகரெத்தினம் அண்ணருக்குக் கரண்ட் கேக்கல்லயாம். நெஞ்சுக்கும் எறங்கிட்டாம். ஒரு நேரமும் உடாமத் தின்ற மனிசன். அப்ப இதுல ஆர்ட குற்றம் எண்டு எனக்குத் தெரியல்ல மகள். என்னைக் கண்டதும் சைகையால, "வாய் தொறந்திட்டு, இனி ஊர் நித்திரை கொள்ளாது" எண்டு காட்டினாரு. பூமணி அக்காவுக்கு நான் கஞ்சி கொண்டு போனன், போத்தல்ல. அவவும் வாங்கி மடியிலதான் வெச்ச. குடிக்கிற வரைக்கும் நான் எழும்பல்ல.

இப்ப உப்பு ருசி தெரியிது. இனிப்பு இன்னும் வரல்ல. சாச்சா மேட்டுத் துண்டுல ஏழு மூட்டை எடுத்தாரு. வட்டாவத் திருப்பிக் கொண்டந்திருக்காரு, தட்டித் தட்டி ஒரு பக்கம் சொட்டை. அதுல இப்ப எண்ட குளிசையெல்லாம் வெச்சிருக்கன்.

மிச்ச நோன்புக்குப் பித்யா குடுத்து முடிக்கலாம் எண்டு மௌலவி சொல்றாரு. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு. சரி எண்டு இருந்தன். இண்டைக்குப் பொழுதுபட, உன்ட பழைய கடுதாசியெல்லாம் எடுத்து வாசிச்சன். மிச்ச நோன்ப நான் புடிக்கிறன் எண்டு நீ எழுதினியே, அது. மத்ததுல, உம்மாட கையில ஒரே கரி எண்டு எழுதியிருந்தாய். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தன். அடுப்புக் கரியத்தான் சொல்றாய் எண்டு முந்தி நினைச்சன். கேஸ் அடுப்பு மகள் எங்கட வீட்டுல அப்பவே.

இப்பதான் ஞாபகம் வருது. முர்ஷிதுட நாப்பது முடிஞ்ச அடுத்த நாள் உன்ட உம்மா, எண்ட ராத்தா, வந்து சொன்ன, "கழாவ வெச்சிரிக்காத, நீ தனியப் புடிச்சா ஏலாமப் போயிரும், நானும் துணைக்குப் புடிக்கிறன்" எண்டு. நாள் உடாமப் புடிச்ச நாங்க, ரெண்டு பேரும். நோன்பு தொறந்ததும் அவதான் கரிக் கட்டையால செவத்துல கோடு போடுவா, எனக்கு மடியில புள்ளை. முப்பதாவது கோட்டையும் அவதான் போட்ட, போட்டுட்டுக் கைய எண்ட கன்னத்துல துடைச்சிச் சிரிச்ச.

அது சனிக்கிழமை, கடல் வந்ததுக்கு முந்தின நாள்.